கார் எஞ்சின் பாகங்களை வீட்டிலேயே கையால் பாலிஷ் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பஃபிங் மெஷின் எதுவும் இல்லாமல், உப்புத்தாள், துணி, பாலிஷ் பேஸ்ட் இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வால்வு கவரையோ (எஞ்சினின் மேல்மூடி) பிராக்கெட்டையோ (பாகங்களைத் தாங்கும் பிடி) முகம் தெரியும் அளவுக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். முடியும். நேரம் பிடிக்கும், தோள் வலிக்கும், அவ்வளவுதான்.

பாலிஷ் போட்டால் எஞ்சினுக்கு ஏதாவது நன்மை உண்டா, இல்லை வெறும் அழகுதானா?

வெளிப்பக்கம் என்றால் அழகுதான். பக்க லாபமாக ஒன்று கிடைக்கும்: பளிச்சென்ற பரப்பில் எண்ணெய் கசிந்தால் உடனே கண்ணில் படும், துடைப்பதும் சுலபம்.

உள்பக்கத்தைப் பற்றித்தான் நிறையக் கதைகள் உலவுகின்றன. இன்டேக் போர்ட்டை (எஞ்சினுக்குள் காற்று நுழையும் வழி) கண்ணாடி மாதிரி ஆக்கினால் காற்று வேகமாகப் போகும், பவர் கூடும் என்பார்கள். கார்புரேட்டர் எஞ்சினிலும், போர்ட்டில் பெட்ரோல் தெளிக்கும் எஞ்சினிலும் இது பெரும்பாலும் எதிர்ப்பலனே தரும். மிக வழவழப்பான சுவரில் பெட்ரோல் துளிகள் படலமாக ஒட்டி வழியும். கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால்தான் துளிகள் சிதறிக் காற்றோடு கலக்கும். எக்ஸாஸ்ட் போர்ட்டை (புகை வெளியேறும் வழி) வழவழப்பாக்கினால் கரி படிவது குறையும், அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அது ஹெட்டை (சிலிண்டர்களின் மேல் உட்காரும் பகுதி) கழற்றிச் செய்யும் வேலை. வடிவம் தெரியாமல் தேய்த்தால் இருந்ததும் கெடும். வெளிப்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் எந்தப் பாகத்தை எடுக்கலாம்?

தெர்மோஸ்டாட் ஹவுசிங், ஆல்டர்னேட்டர் பிராக்கெட் போல உள்ளங்கைக்குள் அடங்குகிற அலுமினிய வார்ப்பு ஒன்றை எடுங்கள். ஒரே நாளில் முடியும், கையும் பழகும். எல்லோரும் ஆசைப்படுவது வால்வு கவர்தான். பானெட்டைத் திறந்ததும் முதலில் தெரிவது அதுதானே. ஆனால் நாலு சிலிண்டர் எஞ்சினின் வால்வு கவரை வார்ப்புச் சொரசொரப்பிலிருந்து கையாலேயே கண்ணாடிப் பளபளப்புக்குக் கொண்டுவர ஒரு வார இறுதி போதாது. இன்டேக் மேனிஃபோல்டு அதைவிடக் கஷ்டம், குழாய்களுக்கு நடுவே விரலே போகாது.

எதையெல்லாம் தொடவே கூடாது?

கேஸ்கெட் (இரண்டு பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் அடைப்பு) உட்காரும் முகங்கள் முதலிடம். கையால் தேய்க்கும்போது ஓரம் அதிகம் தேயும், நடு குறைவாகத் தேயும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறு பள்ளமே எண்ணெய் கசியப் போதும். வேலை தொடங்கும் முன் அந்த முகங்களில் இரண்டு மூன்று அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும் மெல்லிய கோடுகள் எண்ணெயைப் பிடித்து வைக்கவே போடப்பட்டவை. அதைப் பளபளப்பாக்கினால் பிஸ்டன் ரிங் சரியாகப் படியாது. கிராங்க், கேம் என்ற சுழலும் தண்டுகளின் பேரிங் உட்காரும் பகுதிகள் லேத் பட்டறையின் வேலை. த்ராட்டில் பாடியின் (எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) உள்ளே, தகட்டின் ஓரத்தில் கறுப்பாக ஒரு பூச்சு இருக்கும். அழுக்கு என்று நினைத்துப் பலர் சுரண்டிவிடுகிறார்கள். காற்று கசியாமல் இருக்கப் பல தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே பூசும் பூச்சு அது. அது போனால் ஐடில் (வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) தாறுமாறாகும்.

துத்தநாக முலாம் பூசிய இரும்பு போல்ட், கிளாம்ப் எல்லாம் தேய்த்த அன்று பளபளக்கும், முலாம் போனதால் சீக்கிரமே துருப்பிடிக்கும். குரோம் முலாமும் அப்படியே: மேலே இருக்கும் குரோம் படலம் மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லியது. அதற்கு உப்புத்தாள் கூடவே கூடாது, குரோம் பாலிஷ் மட்டும் போதும்.

இது அலுமினியமா, வேறு ஏதாவதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காந்தம் ஒட்டினால் இரும்பு அல்லது வார்ப்பிரும்பு. ஒட்டாமல், கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தால் துத்தநாகக் கலவையாக இருக்கலாம். பழைய கார்புரேட்டர் பாகங்களில் இது உண்டு. பளபளப்பு வரும், ஆனால் வெகு சீக்கிரம் மங்கிவிடும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியது மெக்னீசியத்திடம். சில கார்களின் வால்வு கவர் மெக்னீசியக் கலவையில் வார்க்கப்பட்டது. பார்க்க அலுமினியம் போலவே இருக்கும், எடை மட்டும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். உள்பக்கத்தில் ஒரு மூலையைச் சுரண்டி, வெறும் உலோகத்தின் மேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். உடனே நுரைத்துப் பொங்கினால் மெக்னீசியம், சும்மா கிடந்தால் அலுமினியம். மெக்னீசியம் என்று தெரிந்தால் அதை விட்டுவிட்டுப் பெயின்ட் அடிப்பதே என் யோசனை. அதன் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பித் தீ இன்னும் மூளும். அவ்வளவு ஆபத்தையும் தாண்டிப் பாலிஷ் போட்டாலும் பளபளப்பு நிற்காது.

கழற்றாமல், எஞ்சினிலேயே வைத்துச் செய்யலாமா?

ஏற்கெனவே பாலிஷ் போட்ட பாகத்தைப் பேஸ்ட் வைத்துத் துடைக்கலாம். உப்புத்தாள் என்றால் கழற்றித்தான் ஆக வேண்டும்.

எண்ணெய்ப் பிசுக்கை எப்படி எடுப்பது?

மண்ணெண்ணெய் அல்லது டிகிரீசர் தடவி ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு முறை கழுவுங்கள். பெட்ரோல் வேண்டாம், அதன் ஆவி தரையோடு பரவி எங்கேயோ இருக்கும் பொறியைத் தேடிப் போகும். காஸ்டிக் சோடா கலந்த அடுப்பு கிளீனர், வடிகால் அடைப்பு நீக்கி இரண்டும் அலுமினியத்தை அரிக்கும். சில நிமிடங்களில் பரப்பு கறுத்துச் சொரசொரவென்று ஆகும், அதைச் சரிசெய்ய அரை நாள் கூடுதலாகத் தேய்க்க வேண்டியிருக்கும்.

பிசுக்கு கொஞ்சம் மிச்சமிருந்தாலும் உப்புத்தாள் உடனே அடைத்துக்கொள்ளும். ஆகவே கழுவுவதில் சோம்பல் வேண்டாம்.

எவ்வளவு தேய்த்தாலும் பளபளப்பே வரவில்லை. ஏன்?

மேலே ஏதோ ஒரு படலம் இருக்கிறது. வார்னிஷ் போன்ற கிளியர் கோட்டாக இருக்கலாம், அல்லது அனோடைஸ் செய்த (மின்சாரம் பாய்ச்சி ஆக்சைடு படலம் ஏற்றிய) பரப்பாக இருக்கலாம். மல்டிமீட்டர் இருந்தால் ஒரு நொடியில் தெரிந்துகொள்ளலாம்: கன்டினியூட்டியில் (மின்சாரம் கடந்தால் பீப் அடிக்கும் அமைப்பு) வைத்து இரண்டு முனைகளையும் பரப்பில் லேசாகத் தொடுங்கள். வெறும் அலுமினியம் என்றால் பீப் என்று கத்தும். கிளியர் கோட்டும் அனோடைஸ் படலமும் மின்சாரத்தைக் கடத்தாது, கத்தாது.

கிளியர் கோட், பெயின்ட் என்றால் பெயின்ட் ரிமூவர் தடவி உரித்துவிடலாம். பவுடர் கோட் (தூளாகத் தூவிச் சூட்டில் உருக்கிய பூச்சு) பிடிவாதமானது, இரண்டு மூன்று தடவை போட வேண்டிவரும். அனோடைஸ் படலம் அலுமினியம் ஆக்சைடு. உப்புத்தாளில் இருக்கும் துகளும் பெரும்பாலும் அதே பொருள்தான். 240 நம்பர் தாளில் (நம்பர் கூடக் கூடத் துகள் நுண்மையாகும்) பொறுமையாகத் தேய்த்தால் போகும். காஸ்டிக் கரைசலில் முக்கி எடுக்கும் முறையும் உண்டு. ஆனால் கண்ணையும் தோலையும் பொசுக்கும் திரவத்தை, ஹைட்ரஜன் கிளப்பும் வேலையை, வீட்டுக்குள் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எந்த நம்பர் தாளில் தொடங்க வேண்டும்?

பரப்பைப் பொறுத்தது. மணல் வார்ப்பின் தடித்த சொரசொரப்பு என்றால் 80 அல்லது 120. வார்ப்பு அச்சின் இணைப்புக்கோடு மேடாக நின்றால் அதற்கு முன்னால் அரம். டை காஸ்டிங் முறையில் (உலோக அச்சில் அழுத்தி) வார்த்த மென்மையான பாகத்துக்கு 180 அல்லது 240 போதும். ஏற்கெனவே வழவழப்பாக இருந்து மங்கியது மட்டும் என்றால் 600-இலிருந்தே தொடங்கலாம்.

அங்கிருந்து 180, 240, 320, 400, 600, 800, 1000, 1500 என்று ஏறுங்கள். 2000 கடைசி. ஒவ்வொரு படியிலும் நம்பர் இரண்டு மடங்கைத் தாண்டாமல் ஏறினால் சரி. 120-இலிருந்து 400-க்குத் தாவினால் மிச்சமாகும் நேரத்தைப் போல மூன்று மடங்கை 400-இல் தொலைப்பீர்கள். 400 நம்பர் தாள் ஆழமான கீறலை எடுக்காது, அதன் விளிம்பை மழுப்பி மறைக்கும். பேஸ்ட் போட்டதும் அந்தக் கீறல் அப்படியே எழுந்து நிற்கும்.

மொத்த வேலையில் பாதிக்கு மேல் முதல் இரண்டு நம்பரில்தான் போகும். அங்கே அவசரப்பட்டவர்களுக்கு எந்த விலை உயர்ந்த பேஸ்ட்டும் கைகொடுக்காது.

அடுத்த நம்பருக்குப் போகலாம் என்று எப்படித் தெரியும்?

இரண்டு வழி இருக்கிறது, இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

ஒன்று, திசை மாற்றுவது. 120-ஐ இடவலமாகத் தேய்த்தால் 180-ஐ மேல்கீழாகத் தேயுங்கள், 240-ஐ மறுபடி இடவலமாக. மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்துப் பாருங்கள். குறுக்கே ஒரு கோடு தெரிந்தாலும் அது பழைய நம்பரின் கீறல், அது மறையும்வரை நகரக் கூடாது. வட்டமாகத் தேய்த்தால் எது எந்தத் தாளின் கோடு என்றே தெரியாது.

இரண்டு, மார்க்கர். பரப்பு முழுவதும் பர்மனென்ட் மார்க்கரால் நெருக்கமாகக் கோடு கிறுக்கிவிட்டுத் தேயுங்கள். மேடுகளில் மை உடனே போகும், பள்ளங்களில் நீலப் புள்ளியாகத் தங்கி நிற்கும். 120 நம்பரில் அந்தப் புள்ளிகள் எல்லாம் போகும்வரை தேய்த்தால்தான் பரப்பு உண்மையிலேயே ஒரே மட்டத்துக்கு வந்தது என்று பொருள். விரலால் தடவினால் வழவழவென்றுதான் இருக்கும், பரப்பு இன்னும் மட்டமாகவில்லை என்று மை மட்டும்தான் காட்டும். விரலை நம்பாதீர்கள்.

நம்பர் மாற்றும்போதெல்லாம் பாகத்தையும் கையையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் கழுவுங்கள். 120 நம்பரின் ஒரே ஒரு துகள் 1000 நம்பர் தாளுக்கு அடியில் மாட்டினால் போதும், ஒரு நீளக் கீறல் பரிசாகக் கிடைக்கும்.

ஈரமாகத் தேய்க்க வேண்டுமா, உலர்வாகவா?

240 வரை உலர்வாகத் தேய்க்கலாம், அதற்கு மேல் வாட்டர் பேப்பரை (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) ஈரமாக. தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்தால் தாள் வழுக்கிப் போகும், அலுமினியத் தூளும் தாளில் அடைக்காது. தண்ணீருக்குப் பதில் மண்ணெண்ணெயோ டபிள்யூடி-40-யோ பயன்படுத்துபவர்கள் உண்டு. வேலை நன்றாகவே நடக்கும், அறை முழுக்க நாறும். திறந்த இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

மூலை, விளிம்பு, எழுத்துகள், குழாய்?

தட்டையான இடத்துக்கு மரக்கட்டையிலோ ரப்பர் பிளாக்கிலோ தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் விரல் பட்ட இடம் மட்டும் குழிந்து, பளபளப்பு வந்தபின் அலை அலையாகத் தெரியும். மூலைக்கு ஐஸ்க்ரீம் குச்சியின் நுனியைத் தேவையான வடிவில் சீவி, தாளை ஒட்டிக்கொள்ளலாம். உட்குழிவுக்குப் பென்சில் நல்ல அச்சு.

குழாய் போன்ற உருண்டையான பாகத்துக்குத் தாளை நீளப் பட்டையாகக் கிழித்து, பின்னால் துணி டேப் ஒட்டி, குழாயைச் சுற்றிப் போட்டு இரு முனையையும் மத்துக் கயிறு இழுப்பதுபோல் மாற்றி மாற்றி இழுங்கள். சீராகவும் தேயும், வேகமாகவும் நடக்கும்.

எழுத்துகளும் வரிகளும் புடைத்து நிற்கும் கவர் என்றால் மேல்முகத்தை மட்டும் பாலிஷ் போட்டு, பள்ளத்தைச் சொரசொரப்பாகவே விடுங்கள், அல்லது கறுப்புப் பெயின்ட் அடியுங்கள். முழுவதையும் பளபளப்பாக்குவதைவிட இதுதான் பார்க்க நன்றாக இருக்கிறது என்பது என் எண்ணம். வேலையும் பாதி.

பேஸ்ட்டை எப்படிப் பயன்படுத்துவது? துணி கறுப்பாகிறதே, சரியா?

சரிதான், கறுப்பு வந்தால்தான் வேலை நடக்கிறது. அது நுண்ணிய அலுமினியத் தூளும் ஆக்சைடும் பேஸ்ட்டும் கலந்த கலவை. பட்டாணி அளவு பேஸ்ட்டை பழைய பருத்திப் பனியன் துணியில் எடுத்து, கையகல இடத்தை மட்டும் அழுத்தித் தேயுங்கள். முதலில் சாம்பல் நிறமாக வரும், பிறகு கறுக்கும், பிறகு துணிக்கு அடியில் இழுவை குறைந்து வழுக்க ஆரம்பிக்கும். அந்த நேரத்தில், காய்வதற்கு முன், சுத்தமான துணியால் துடையுங்கள். முழுப் பாகத்துக்கும் ஒரேயடியாகத் தடவிக் காயவிட்டால் கறுப்புத் திட்டு ஒட்டிக்கொள்ளும்.

ஆட்டோசால், பிராசோ போன்ற எந்த உலோகப் பாலிஷும் ஆகும். பிராண்டைவிடத் துணியை அடிக்கடி மாற்றுவது முக்கியம். கடைசியாக மிஞ்சும் கறுப்பு மூட்டத்தை எடுக்கச் சோளமாவைத் தூவி, புதிய துணியால் லேசாகத் துடைத்தால் எண்ணெய்ப் பசையையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும்.

ஸ்டீல் வுல் வேண்டாம். அதன் இழைத் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்து, பின்னர் துருப்புள்ளியாக எட்டிப் பார்க்கும்.

பளபளப்பு வந்துவிட்டது, ஆனால் ஊசிமுனை அளவில் குழிகள் தெரிகின்றன.

வார்க்கும்போது உலோகத்துக்குள் மாட்டிய வாயுக் குமிழிகள் அவை. தேய்க்கத் தேய்க்க மேலே இருப்பது போகும், அடியில் இருப்பது திறக்கும். நாலைந்து குழிக்காக மறுபடி 120-க்கு இறங்கிப் பார்க்கலாம். பரப்பு முழுக்க அப்படி என்றால் வார்ப்பின் தரமே அவ்வளவுதான், விட்டுவிடுங்கள். கவரின் தடிமனைத் தேய்த்துக் குறைத்துக்கொண்டே போவதில் அர்த்தமில்லை.

டிரில்லில் பஃபிங் சக்கரம் மாட்டிக்கொள்ளலாமா?

கடைசிக் கட்டத்துக்கு மாட்டலாம். ஆனால் கையுறை, தொங்கும் சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி, அவிழ்ந்த கூந்தல் எதுவும் கூடாது. சுழலும் சக்கரம் பிடித்தால் இழுத்துக்கொள்ளும். கைவேலைக்கு நைட்ரைல் கையுறை நல்லது, சுழல் கருவிக்கு வெறுங்கை.

இரும்பு, ஸ்டெயின்லெஸ் பாகங்கள்?

வார்ப்பிரும்பு பளபளக்கும், ஆனால் ஈரக்காற்று பட்டதும் துருப்பிடிக்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு என்றால் பாலிஷ் வீண், வெப்பம் தாங்கும் பெயின்ட் அடியுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கடினமானது, ஒவ்வொரு நம்பரிலும் அலுமினியத்தைவிட நேரம் கூடுதலாகும், ஆனால் ஒருமுறை வந்த பளபளப்பு நிற்கும். எக்ஸாஸ்ட் குழாய் சூட்டில் முதலில் மஞ்சளாகி, பிறகு நீலம் பாயும். அது மேலோட்டமான ஆக்சைடு படலம்தான். பேஸ்ட் போட்டால் போகும், வண்டி ஓடினால் மறுபடி வரும்.

தூள் எஞ்சினுக்குள் போனால் என்ன ஆகும்?

இதைத்தான் எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். உப்புத்தாள் துகள் எண்ணெயோடு கலந்து பேரிங்குக்குப் போனால், மென்மையான பேரிங் உலோகத்தில் பதிந்துகொண்டு கிராங்க்கை அறுக்கும். கேஸ்கெட் முகத்தைச் சுத்தம் செய்யும் சுழல் டிஸ்க்குகளிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு பேரிங்கைக் கெடுக்கிறது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தன் சர்வீஸ் பிரிவுக்குச் சுற்றறிக்கையே அனுப்பியது.

வால்வு கவரைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே எண்ணெய் ஆவியைத் தடுக்க ஒரு தகடு திருகியோ ரிவெட் அடித்தோ இருக்கும். அதன் பின்னால் புகுந்த தூள் எத்தனை முறை கழுவினாலும் முழுதாக வராது. திருகு என்றால் தகட்டைக் கழற்றுங்கள். ரிவெட் என்றால் வேலை தொடங்கும் முன்பே எல்லாத் துளைகளையும் டேப்பால் அடைத்து, உள்பக்கம் முழுவதையும் பாலித்தீன் வைத்து மூடி ஒட்டிவிடுங்கள். முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் பாட்டில் பிரஷ் போட்டுக் கழுவி, வெள்ளைத் துணியால் உள்ளே துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் வந்துகொண்டிருந்தால் கழுவல் இன்னும் முடியவில்லை.

ஆல்டர்னேட்டரின் கூட்டை மெருகேற்ற வேண்டுமென்றால் பிரித்து, வெறும் கூட்டை மட்டும் எடுங்கள். முழு ஆல்டர்னேட்டரைத் தேய்த்தால் உலோகத் தூள் காற்றோட்டத் துளை வழியாகச் சுருள்களுக்குப் போய்விடும்.

முகமூடி, கண்ணாடி தேவையா?

உலர்வாகத் தேய்க்கும்போது என்95 முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியத் தூள் எரியக்கூடியது. துருத்தூளோடு கலந்து ஒரே டப்பாவில் சேர்த்து வைக்காதீர்கள், அந்தக் கலவை பற்றிக்கொண்டால் இரும்பையே உருக்கும் சூடு கிளம்பும். ஈரமாகத் தேய்த்த சேற்றையும் இறுக மூடிய டப்பாவில் அடைக்கக் கூடாது, மெதுவாக ஹைட்ரஜன் உண்டாகி டப்பா உப்பும்.

பளபளப்பு எவ்வளவு காலம் நிற்கும்? மேலே ஏதாவது பூசலாமா?

மூடிய இடத்தில் நிற்கும் கார் என்றால் மாதக்கணக்கில். மழையும் உப்புக்காற்றும் படும் கார் என்றால் சில வாரங்களிலேயே மூட்டம் தெரியும். கார்னாபா மெழுகு 82 முதல் 86 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். எஞ்சினின் கூலன்ட்டே ஏறக்குறைய 90 டிகிரியில் ஓடுகிறது, ஆகவே வால்வு கவரில் மெழுகு தங்காது. சூடு குறைந்த பிராக்கெட்டுகளுக்குப் பரவாயில்லை. செயற்கை சீலன்ட் அதைவிட நாள்பட நிற்கும்.

கிளியர் லாக்கர் அடிக்கச் சொல்பவர்கள் உண்டு. கண்ணாடிப் பரப்பில் லாக்கருக்குப் பிடிமானம் இல்லை. ஓரத்தில் உரிந்து, அடியில் ஈரம் புகுந்து, புழு ஊர்ந்த தடம்போல வெள்ளைக் கோடுகள் வரும். அப்புறம் அதை உரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. எனக்குப் பிடித்தது எதையும் பூசாமல், மாதம் ஒருமுறை கொஞ்சம் பேஸ்ட் வைத்துத் துடைப்பது.

கண்ணாடி அளவுக்கு வேண்டாம், சுத்தமாக இருந்தால் போதும் என்றால்?

நல்ல முடிவு. 400 அல்லது 600-இல் நிறுத்திவிட்டு, சாம்பல் நிற நைலான் பேடால் ஒரே திசையில் நீளமாக இழுங்கள். பட்டுப்போல மங்கிய மினுமினுப்பு கிடைக்கும். விரல் தடம் தெரியாது, குழிகளும் கண்ணில் உறுத்தாது. ஒரே எஞ்சினில் வால்வு கவரை மட்டும் கண்ணாடியாக்கி, மற்றவற்றை இப்படி விடலாம்.

திரும்ப மாட்டும்போது?

கேஸ்கெட் புதிதாகப் போடுங்கள். வால்வு கவர் போல்ட்டுகள் பெரும்பாலும் சிறியவை, 10 நியூட்டன் மீட்டரை ஒட்டிய இறுக்கம்தான் கேட்கும். சரியான எண்ணை உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். நடுவிலிருந்து தொடங்கி வெளிநோக்கி, இரண்டு சுற்றாக இறுக்குங்கள். போல்ட் தலைக்கு அடியில் வாஷர் இல்லையென்றால் ஒன்று போடுங்கள், இல்லாவிட்டால் தலை திரும்பும்போது புதுப் பளபளப்பில் வட்டக் கீறல் விழும். எஞ்சினைச் சூடாகும்வரை ஓடவிட்டு, ஓரங்களில் வெள்ளைத் துணியை ஓட்டி, கசிவு இருக்கிறதா என்று பார்த்தபிறகு பானெட்டை மூடலாம்.